வெள்ளிக்கிழமை தருவதில்லை

ராஜா இல்லாத கோட்டை,
தண்ணீர் இல்லாத ஆறு,
மரம் இல்லாத மலை என்று
எங்கள் வேலூரைக் கேலி செய்வார்கள்.
பட்டியலில் நான் ஒன்று சேர்த்திருக்கிறேன்:
தேதி இல்லாத செக்.

விருதம்பட்டில் இரண்டு மிஷின்,
பழுதான டிரையர்,
மொட்டை மாடியில் பதினாறு கொடி.
டிரையர் போனது போகட்டும்;
நாற்பது நிமிஷம் என்றால் நாற்பது நிமிஷத்தில்
உலர்த்திக் கொடுக்கிறது வெயில்.
காந்தி ரோட்டு லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகளைத்
துவைத்துத் தேய்த்து மடிப்பது என் தொழில்.
விரிப்புக்குப் பதினெட்டு ரூபாய். தலையணை உறைக்கு ஆறு.
களிம்பு, அயோடின், சிந்திய பருப்பு,
ஊசி குத்திய இடத்துச் சொட்டு ரத்தம்.
யார் யாருடைய நோயோ, தெரியாது.
எந்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்,
எதற்குச் சுடுதண்ணீர், அது தெரியும்.

நாற்பத்திரண்டு அறை லாட்ஜில் மூன்று மாதப் பாக்கி.
மேனேஜர் தனகோட்டி,
பெயரைப் பார்த்து நம்பியிருக்கக் கூடாது.
திங்கள் காலை ராகுகாலம் என்பார்.
செவ்வாய், வெள்ளி
லட்சுமியை வெளியே அனுப்ப மாட்டார்.
புதன், ஓனர் திருப்பதியில்.
வியாழன் ஓனர் வந்துவிட்டார், செக் புக் ஆடிட்டரிடம்.
சனிக்கிழமை பேங்க் லீவு.
இது முதல் சனி சார் என்றால், சர்வர் என்பார்.
"ஞாயித்துக்கிழமை கூடவா துட்டு கேப்ப?
இன்னாம்மா நீ."

சோப்புத்தூள்காரர் வெள்ளிக்கிழமையும் வாங்கிக்கொள்கிறார்.
மின்வாரியத்துக்கு அஷ்டமி நவமி இல்லை.
ருக்சானாவுக்கும் மோகனாவுக்கும்
சனிக்கிழமை சாயந்திரம் கூலி.
என் வளையல் காட்பாடி அடகுக்கடையில்.
அங்கே செவ்வாய்க்கிழமைதான் வைத்தேன்.

பாபு ராவ் தெருச் சந்தில் செஃபாலி மண்டல்.
மேலே ஆறு அறை, கீழே மீன்குழம்பு மெஸ்.
பதினோரு விரிப்பு.
"இவ்ளோ கம்மிக்கு வண்டி வராது"
என்று சொன்னவள் நான்தான்.
அவளே ஆட்டோவில் கொண்டுவந்தாள்.
தரையில் மூட்டையைப் பிரித்து எண்ணினாள்.
திரும்ப வாங்கும்போது
அதே தரையில் ரூபாயை எண்ணினாள்.
"குறையா? இல்லையா?" அரைகுறைத் தமிழில் கேட்டாள்.
ஒரு வருஷமாக நான் அவளுக்குப் போன் செய்ததே இல்லை.
அவள் எண் எங்கோ அடியில் கிடக்கிறது.
எடுத்ததும் மேலே நிற்பது
தனகோட்டி, தனகோட்டி, தனகோட்டி.

போன வெள்ளி அவரே கூப்பிட்டார்.
ஹவுரா ரயிலில் நிறைய பேர் வருகிறார்களாம்,
இரவுக்குள் எண்பது விரிப்பு வேண்டுமாம்.
எண்பதும் என் மேசையில்தான் இருந்தன.
கை வைத்துப் பார்த்தேன், இன்னும் சூடு.
தராமல் பூட்டிவிடலாம்.
ஆனால் ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்து வருகிற உடம்பு
வெறும் ரெக்சின் மெத்தையில் படுப்பதா,
என் பாக்கிக்காக?

பாலாற்றுப் பாலம் தாண்டும் வரை
எனக்கே தெரியாது.
கீழ்த்தளத்து விரிப்புகளை மட்டும் இறக்கினேன்,
படியேற முடியாதவர்களை அங்கேதான் போடுவார்கள்.
மாடிக்கு உள்ளது டெம்போவில்.
டெம்போ சாவி என் இடுப்பில்.

"இன்னாம்மா இது, வெள்ளிக்கிழமையும் அதுவுமா?"

"வெள்ளிக்கிழமைதான் சார்.
விரிப்பு மட்டும் வெளியே வரலாமா?"

அரை மணி நேரம்.
ஓனர் திருப்பதியில் இல்லை,
இருநூற்று ஒன்றில் ஏசி போட்டுக்கொண்டிருந்தார்.
ஒரு மாதக் கணக்கு என் போனுக்கு வந்து விழுந்தது.
லட்சுமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.
மீதி இரண்டு மாதம் இன்னும் நிற்கிறது.
வளையலும் இன்னும் வரவில்லை.

இப்போது புது லாட்ஜ் யாராவது கூப்பிட்டால்
எத்தனை அறை என்று கேட்பதில்லை.
விடிகாலையில் அந்தத் தெருவுக்குப் போய்
அவர்களுக்குப் பால் ஊற்றுகிறவரைப் பிடிக்கிறேன்.
சில பெயர்களைச் சொன்னதும்
பதில் பேசுவதற்கு முன்னால்
கேனை மூடிவிடுகிறார்.