சுண்டுவிரல்

பஹ்ரைனில் இந்த ஊருக்குப் பெயரே சார்.
டாக்ஸிக்காரரிடம் சொல்லும்போதெல்லாம்
யாரையோ பணிந்து கூப்பிடுவது போல இருக்கும்.

இங்கே வெள்ளிதான் எங்களுக்கு ஞாயிறு.
ஞாயிறு ஆபீஸ், கப்பல் சரக்குக் கணக்கு.
ஓய்வுநாளையே இரண்டு கட்டம் தள்ளிவைக்கலாம் என்பது
காலண்டரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆகஸ்ட். மாடித் தொட்டித் தண்ணீரில்
அரிசி போட்டால் வெந்துவிடும்.
ஞானஸ்நானத் தொட்டியில் பத்து மூட்டை ஐஸ் கொட்டி
கையால் விளாவிக்கொண்டிருக்கிறார்
பிரதர் ஹால்வர்சன், எண்ணெய்க் கம்பெனி எஞ்சினீயர்,
கைக்குழந்தைக்கு வெந்நீர் பதம் பார்ப்பவர் மாதிரி.
எட்டு வயது லியானா வெள்ளை உடுப்பில் காத்திருக்கிறாள்.
தொட்டிக்கு வலப்பக்கம் நான். சாட்சி.

சில வருஷம் முன்புவரை
இந்த இடத்தில் பெண் நின்றதில்லை.
துவாலையோடு பின்னால் நிற்போம்.
பிறகு ஒரு கடிதம் வாசித்தார்கள்:
இனி நிற்கலாம்.
இதுவரை ஏன் கூடாது என்பது கடிதத்தில் இல்லை.

அதே வருஷம்தான் இன்னொன்றும்.
ஹாங்காங் ஆலயத்தில்
நானும் சற்குணராஜும் நித்தியத்துக்கும் முத்திரிக்கப்படும் முன்
நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன்.
உள்ளே சொன்னதை வெளியே சொல்வதில்லை, சொல்லமாட்டேன்.
கடவுளுக்கும் எனக்கும் நடுவில்
ஒரு படிக்கட்டு மாதிரி அவர் இருந்தார், அவ்வளவுதான்.
அடுத்த முறை போனபோது படியைக் காணோம்.
யாரும் எதுவும் அறிவிக்கவில்லை.
புதுப்பெண்கள் நேராக ஏறிப் போனார்கள்.
நான் கொடுத்த பழைய வாக்கை
யாரிடம் திருப்பிக் கேட்பது?

சற்குணத்துக்கு நான் இரண்டாவது.
முதலில் ஹெலன், மஞ்சள்காமாலையில் போனவள்,
அவளும் அவரோடு முத்திரிக்கப்பட்டவள்.
இப்போது அவரும் போய்விட்டார், சல்மானியா ஆஸ்பத்திரியில்.
பலதாரம் நூறு வருஷத்துக்கு முன்பே ஒழிந்தது என்றார்கள்.
பூமியில் என்பதை நான் கவனிக்கவில்லை.
நான் மறுபடி கட்டிக்கொள்ளலாமாம்,
இந்த ஆயுசுக்கு மட்டும்.
ஹெலனோடு எப்படிக் குடித்தனம் நடத்துவேன் என்று
சில ராத்திரி யோசிப்பேன்.
குழம்புக்குப் புளி தூக்கலாக விடுவாளாம்.
அவள் மேல் எனக்குக் கோபமில்லை.
அவளையும் யாரும் கேட்கவில்லை.

அறைத்தோழி பார்கவி கராக் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்பாள்.
நான் டீ தொடுவதில்லை, அது மட்டும் மாறவில்லை.
"உங்க மார்மன் சாமிக்கு சம்சாரம் உண்டாமே?"
மார்மன் என்று சொல்லாதே, அந்தப் பேரும் போயிற்று.
சம்சாரம் உண்டு.
பிதாவுக்கு நம்மைப் போலவே எலும்பும் சதையும்,
பக்கத்தில் ஒரு மாதா.
"பேரு?"
தெரியாது.
"கும்பிடுவீங்களா?"
கூப்பிடக்கூடாது.
அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

முன்பெல்லாம் மாதாவைப் பற்றி மூச்சுவிடமாட்டார்கள்.
இப்போது வகுப்பில் இரண்டு நிமிஷம் வருகிறாள்,
விருந்தாளிகளை அடுக்களையிலிருந்து
எட்டிப் பார்த்துவிட்டுப் போவது போல.

ஹால்வர்சன் கை உயர்த்தினார். வார்த்தைகளைச் சொன்னார்.
லியானா மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் சாய்ந்தாள்.
முழுக்க முழுக வேண்டும்,
ஒரு மயிரிழை மிதந்தாலும் செல்லாது.
நெற்றிக்கு மேலே ஐஸ் துண்டு ஒன்று போயிற்று.
எதிர்ப்பக்கச் சாட்சி தலையாட்டிவிட்டார்.

என் பக்கத்தில்
இடது கால், சுண்டுவிரல்,
சிவப்பு நகச்சாயம் பாதி உரிந்தது,
நீருக்கு மேலே.

லியானாவின் அம்மா துவாலையை விரித்தாயிற்று.
எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

"இன்னொரு முறை" என்றேன்.

ஹால்வர்சன் மறுபேச்சில்லாமல்
ஈரக் கையைத் திரும்ப உயர்த்தினார்.
குழந்தை என்னை முறைத்தது.
குளிர் அவளுக்குத்தானே.
நான் விரல்களைப் பார்க்க
இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.