கதவுக்கு இந்தப் பக்கம்

மேல்வீட்டு ப்ரூக்மனின் சலவை இயந்திரம்
ஒரு ஞாயிறு இரவு தன் குழாயைக் கழற்றி எறிந்தது.
அவர் காதுக் கருவியை மேசையில் வைத்துவிட்டுத் தூங்கினார்.
தண்ணீர் யாரையும் எழுப்பவில்லை.
எங்கள் விளக்கு தொங்கும் துளை வழியே இறங்கி வந்தது,
செருப்பைக் கழற்றாத விருந்தாளி மாதிரி.

வூப்பர்டால். தலைகீழாய்த் தொங்கும் ரயில்
ஆற்றின் மேலே போகும் ஊர்.
எங்களுக்கு முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு.
இடையில் ஒரு கதவு, பூட்டு இல்லை,
நாட்காட்டி தொங்குகிறது.

விடியும்போது
கீரிச் சம்பா பதினெட்டு மூட்டை ஊறியிருந்தது,
உலை வைப்பது மட்டும்தான் பாக்கி.
மிளகாய்த்தூள் பெட்டிகளிலிருந்து வழிந்த சிவப்பு
கதவின் அடியால் நுழைந்து
எங்கள் கட்டில்கால் வரை ஒரு கோடு இழுத்திருந்தது.

பதினான்கு மாதம் கழித்து
ப்ரூக்மனின் காப்புறுதிக் கம்பெனி பணம் போட்டது.
குலேந்திரன் அதை ஒரே தொகையாகப் பார்த்தான்.
வரி ஆலோசகர் சபீனா ஓட்டர்பாக்
மூன்று நிறப் பென்சில் எடுத்தார்.

அரிசி விற்க வைத்தது. அதற்கு வந்த பணம் வருமானம்.
விற்கவே இல்லையே என்றேன்.
தண்ணீர் வாங்கிக்கொண்டது என்றார், சிரிக்காமல்.
காசு கொடுத்தது வேறு ஆள்,
கணக்குக்கு அது போதும்.

எட்டு வருஷத்தில்
பேரம் பேசாமல், கடன் சொல்லாமல்
பதினெட்டு மூட்டையையும் ஒரே இரவில் எடுத்த
வாடிக்கையாளர் அது ஒன்றுதான்.

கட்டிலுக்கு வரி இல்லை. மெத்தைக்கு இல்லை.
போனது திரும்பி வந்திருக்கிறது, நீங்கள் கூடவில்லை.
கூடவில்லை, சரி.
புது மெத்தையில் என் முதுகுக்கு இன்னும் இடம் பிடிபடவில்லை,
அதை யாரும் கேட்கவில்லை.

குளிர்பெட்டி ஏட்டில் ஒரு யூரோவாக இருந்தது.
தேய்ந்து தேய்ந்து,
ஞாபகத்துக்காக விட்டுவைக்கும் ஒரு யூரோ.
கம்பெனி அறுநூற்று நாற்பது தந்தது.
அப்படியானால் அறுநூற்று முப்பத்தொன்பது லாபம்.
கெட்டுப்போன பெட்டி எங்களுக்கு லாபம் ஈட்டித் தந்திருக்கிறது!
தவணைக்குள் புதியது வாங்கினால்
அந்த லாபத்தை அதன் முதுகில் ஏற்றலாமாம்.

எல்லாத்தையும் வீட்டுப் பக்கம் தள்ளிவிடுமப்பா,
குலேந்திரன் தமிழில் முணுமுணுத்தான்.
படத்தைப் பாருங்கள், நான் ஜெர்மனில் சொன்னேன்,
இரண்டு மூட்டை வீட்டுக்குள்தான் நின்றன,
கடையில் இடம் இல்லை.

எங்கே நின்றது என்பதல்ல, என்றார் சபீனா,
யாருக்காக நின்றது?

பிறகு படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.
ஒரு மூட்டையின் வாய் பிரிந்திருந்தது.
உள்ளே பாதி புதைந்து ஒரு பால்பேணி.
நாங்கள் அளந்து உலையில் போட்ட பேணி.
எந்த ஏட்டிலும் எழுதாத பேணி.

இதை எடுத்தபோது பதிந்தீர்களா?

குலேந்திரன் ஜன்னலைப் பார்த்தான்.
ரயில் ஒன்று தொங்கிக்கொண்டே போனது.
எவ்வளவு காலமாக என்று அவர் கேட்கவில்லை.
பச்சைப் பென்சிலை வைத்துவிட்டுச் சிவப்பை எடுத்தார்,
அதையும் வைத்தார்.
அடுத்த மாதத்திலிருந்து எழுதுங்கள்.

கடைசியில் ஒரு வரி மிஞ்சியது.
தாமதத்துக்கு வட்டி, இருநூற்றுப் பன்னிரண்டு.
இதுவும் வருமானம்.
எதற்கு வந்தது?
காத்திருந்ததற்கு.

முகாமில் ஆறு வருஷம் கடிதத்துக்குக் காத்திருந்தேன்.
காத்திருப்பதற்குக் கூலி உண்டென்று
ஒருவரும் அப்போது சொல்லவில்லை.
இப்போது சொன்னார்கள்,
சொன்ன கையோடு தங்கள் பங்கையும் எடுத்துக்கொண்டார்கள்.

ப்ரூக்மன் சனிக்கிழமைகளில் வருகிறார்.
பொரிக்கத் தெரியாத அப்பளக் கட்டு ஒன்று வாங்குகிறார்.
அவர் வீட்டில் இப்போது முப்பது கட்டாவது இருக்கும்.
வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.
ஏழு சதவீதத்தோடு
ரசீது அடித்துக் கொடுக்கிறேன்.