கட்டாயம் நிரப்பவும்

ராயக்கோட்டை சாலையில் டயர் கடைக்கு மேல் மாடி.
ஜூன் மாதம். கூழ் ஆலைகளின் புளித்த மாம்பழ வாடை
ஜன்னல் தாண்டி லேப்டாப் வரை வந்து ஒட்டுகிறது.
பெங்களூர்க்காரர் ஒருவருக்குச் செயலி செய்கிறேன்,
நாய் பூனை வளர்ப்பவர்களுக்கு.
தடுப்பூசித் தேதி, பூச்சி மருந்து, பக்கத்து டாக்டர்,
மூன்றே தட்டலில்.
எங்கம்மாவுக்கே புரியணும் என்றார்,
அவர் அம்மா வளர்ப்பது கிளி என்பதைச் சொல்லாமல்.

முதல் சோதனைக்கு நாகவேணி வந்தாள்.
ஆலையில் காம்பு கிள்ளும் வேலை.
மாம்பால் பட்டுப் பட்டு விரல் நுனி வெந்து உரிந்திருந்தது.
தட்டினாள். திரை அசையவில்லை.
"என் விரலு இதுக்குத் தெரியல போல"
என்று மன்னிப்புக் கேட்பவள்போல் பார்த்துவிட்டு
முட்டியை மடக்கி அழுத்தினாள்.
திறந்தது.
அன்றிரவே எல்லாப் பொத்தான்களையும்
முட்டி அகலத்துக்குப் பெரிதாக்கினேன்.
அழகு போச்சு என்றது பெங்களூர்.

பெயர் என்ற இடத்தில் நின்றுவிட்டாள்.
எந்தப் பேரு?
எங்களுக்குக் கருப்பி. எதிர்வீட்டுக்கு ஜூலி.
ஷமீம்பானு வீட்டில் பேகம்.
அங்கேதான் கறி, அதனால்
பேகம் என்றால் உடனே திரும்பும்.
உரிமையாளர் என்ற இடத்தில் சிரித்தாள்:
"கவுன்சிலர் பேரப் போடு."

பிறந்த தேதி?
பைபாஸில் தக்காளி லாரி கவிழ்ந்ததே, அதுக்கு மறுநாள்.
இனம்: நாற்பத்தொரு பெயர்கள் அகரவரிசையில்.
மேலும் கீழும் தள்ளித் தேடினாள்,
ரேஷன் பட்டியலில் தன் பெயரைத் தேடுவதுபோல.
எடை: கிலோவில், எண் மட்டும்.
ஒவ்வொன்றின் தலையிலும் நான் வைத்த சிவப்பு நட்சத்திரம்,
நிரப்பாமல் அடுத்த பக்கம் கிடையாது.
அவள் போகவில்லை.
ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

நட்சத்திரங்களைப் பிடுங்கினேன்.
உரிமையாளரை அழித்து
'சோறு வைப்பவர்கள்' என்று எழுதி
பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. பெயருக்கும் அதே.
யார் எதை எழுதினாலும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.
தரவு கெட்டுவிடும் என்றார்கள்.
கெடட்டும்.

ஒன்றை மட்டும் தொடவில்லை, என் பெருமை அது:
காத்திருக்கும்போது திரையில் சுழலும் பாதத் தடம்.
நான்கு விரலும் ஒன்றன்பின் ஒன்றாக மலரும்.
வரைய இரண்டு நாள் ஆனது.

ஆகஸ்டில் ஒரு காலை பதிவுகளைத் திறந்தால்
அஞ்செட்டிப் பக்கம், சிக்கண்ணன், நாய் பெயர் புல்லட்.
'அவசரம்' பொத்தான் இரவு இரண்டு பத்துக்கு.
இரண்டு பதினொன்றுக்கு.
மறுபடி பதினொன்றுக்கே.
இரண்டு முப்பத்தாறு வரை பதினேழு முறை.
காட்டோரம் சிக்னல் இல்லை.
விடிந்து அவர் மேடேறிய பிறகு
பதினேழும் மொத்தமாக வந்து விழுந்திருக்கின்றன.
அத்தனை முறையும் அவருக்கு எதைக் காட்டினேன் என்று
எனக்குத் தெரியும்.
இருட்டில், அவர் முகத்தில் வெளிச்சம் அடித்தபடி
என் பாதத் தடம் மலர்ந்து, மலர்ந்து.

அழித்தேன். அந்த இடத்தில்
சிக்னல் இல்லாமலே வரும் நான்கு வரி:
ரத்தம் வந்தால் துணி வைத்து அழுத்துங்கள்.
பாம்பு என்றால் நடக்க விடாமல் தூக்கிக்கொள்ளுங்கள்.
வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.
ஆஸ்பத்திரி காலை எட்டு மணிக்குத் திறக்கும்.
நாலாவதை எழுதும்போது கை கூசியது.

அவருடைய எண் இருந்தது. அழைக்கவில்லை.
என்னவென்று கேட்பது,
ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றா?

பத்து நாள் கழித்து
அதே எண்ணிலிருந்து புதுப் பதிவு ஒன்று.
பெயர்: புல்லட்.
பிறந்த தேதி: கண்ணு இன்னும் சரியாத் தெறக்கல.
சோறு வைப்பவர்கள்: நான், மக, எங்க வெள்ளாடு.
எடை: ஒரு கையில நிக்குது.