இருநூறு மில்லிநொடி

சனிக்கிழமை. ஓல்டன். நவம்பர் மூடுபனி
ஆரே ஆற்றின் எதிர்க்கரையைத் தின்றுவிட்டது.
சமையலறை மேசையில் மடிகணினி.
கீழே சலவை இயந்திரத்தில் என் முறை பத்து மணிக்கு.
அதற்குள் இந்தத் திருத்தத்தைப் படித்து முடிக்க வேண்டும்.

அனுப்பியவர் ஃப்ளூரின். ஊர், கூர்.
கூர் என்பது ஊர்ப்பெயர்தான், என்றாலும்
அவருடைய குறிப்புக்கும் பொருந்துகிறது:
"நடத்தையில் மாற்றம் இல்லை. ஒழுங்குபடுத்தல் மட்டும்."

நாற்பத்தொரு கோப்புகள்.
போனது சிவப்பில், வந்தது பச்சையில்.
தொள்ளாயிரம் வரி நீண்டு கிடந்த ஒரு செயற்கூறை
மீனைப்போல் முள் பார்த்துப் பிரித்து
ஏழு துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும்
பெயர் வைத்திருக்கிறார்.
'தற்காலிகம்2' இப்போது 'காத்திருக்கும் பூட்டு'.
செய்கிற வேலையே பெயராவது
எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

நான் கஞ்சத்தனமான வாசகி.
ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் ஏன் என்று கேட்பேன்.
இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது,
கண் போய்ப் போய் வந்தது.
ஜன்னலுக்குக் கீழே பாசல் ரயிலும் பெர்ன் ரயிலும்
ஆட்களை மாற்றிக்கொண்டன.

முந்நூற்றுப் பன்னிரண்டாம் வரியில் நின்றேன்.
ஒரு சிவப்பு. அதற்கு எதிரே பச்சை இல்லை.
பூட்டைத் திறக்கும் முன்
இருநூறு மில்லிநொடி தூங்கு, என்ற வரி.
வெட்டும்போது தவறி விழுந்ததா, வீசப்பட்டதா?
ஏழு துண்டிலும் தேடினேன். காணோம்.

அகப்பட்டீர் ஐயா, என்று
விரலைச் சொடக்கெடுத்துவிட்டுத் தட்டத் தொடங்கினேன்:
"நடத்தையில் மாற்றம் இல்லை என்றீர்களே, இது என்ன?
இந்த வரியை ஒருவர் காரணத்தோடுதான் வைத்திருப்பார்."

அந்த ஒருவர் யார்?
வரிக்கு வரி, எழுதியவரைக் காட்டும் கட்டளை ஒன்று உண்டு.
அதற்குப் பெயரே பழி.
தட்டினேன்.
பதினொரு ஆண்டுக்கு முன். பெப்ரவரி. அதிகாலை 3:47.
கோ. ஸ்டம்ப்ஃப்லி.

நான்தான்.

அவன் பெயரைக் கழற்றிக் கொடுத்து எட்டு ஆண்டாகிறது.
வங்கி அட்டை, அழைப்புமணி, தபால்பெட்டி, காப்புறுதி,
தேடித் தேடி மாற்றியாயிற்று.
இங்கே மட்டும் அவள் இன்னும் குடியிருக்கிறாள்,
வாடகை கொடுக்காமல்.

காரணம் என்று அவள் எழுதி வைத்தது ஒரே சொல்:
"இப்போதைக்கு."

எதற்கடி, கோசலை?
எதைக் காத்திருக்கச் சொன்னாய்?
நினைவில் வருவது குளிர்பதனப் பெட்டியின் உறுமலும்
மறுபக்கம் தாழிட்ட படுக்கையறைக் கதவும்தான்.
நான் தூங்காத அந்த மாதத்தில்
கணினியைத் தூங்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்த வரியோடு நூறு முறை ஓட்டினேன்.
அது இல்லாமல் நூறு. பிறகு ஐந்நூறு.
எதுவும் உடையவில்லை.
பூட்டு திறந்தது, மூடியது,
யாரும் யாரையும் முட்டிக்கொள்ளவில்லை.
பதினொரு ஆண்டாக
முகம் தெரியாத எத்தனையோ பேர்
ஒவ்வொரு தடவையும்
என்னுடைய ஓர் இரவுக்காக
இருநூறு மில்லிநொடி நின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு எக்கன்ஷ்வீலர் அம்மா.
பத்தேகால், இயந்திரம் சும்மா நிற்கிறது,
உங்களுக்கு வேண்டாமென்றால் சொல்லுங்கள்.
வேண்டாம் என்றேன்.

தட்டியதை அழித்தேன். வேறு எழுதினேன்:
"நல்ல வேலை. ஒரு வேண்டுகோள்.
312ஐ இதிலிருந்து எடுத்துத் தனித் திருத்தமாக அனுப்புங்கள்.
வீடு மாற்றும் சாமானும் எறியும் குப்பையும்
ஒரே பெட்டியில் போக வேண்டாம்.
அந்த வரி தேவையில்லைதான்.
தேவையில்லை என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும்.
வைத்தவருக்குச் சம்மதம்."

பெயர்களுக்கென்று ஒரு கோப்பு இருக்கிறது.
அதில் ஒரு வரி சேர்த்தால்
பழைய பெயர் வரும் இடமெல்லாம் புதியது தெரியும்.
நடந்தது அசையாது, பார்வைக்கு மட்டும்.
திறந்தேன். பாதி எழுதினேன்.
சேமிக்காமல் மூடினேன்.

கூரிலிருந்து உடனே பதில்:
"சரி, பிரித்து அனுப்புகிறேன்.
வைத்தவரை உங்களுக்குத் தெரியுமா?"

கொஞ்சம், என்று எழுதினேன்.