வழிநடைப் பாத்தியம்

என் அகலம் இருபத்தாறு அங்குலம்,
சக்கரத்தின் கைவளையத்தையும் சேர்த்து.
உடம்பை மட்டும் அளந்தால் குறையும்.
உடம்பை மட்டும் நான் எங்கேயும் அனுப்புவதில்லை.

காரைக்குடியில் பத்திரம் எழுதுகிறேன்,
பதினேழு வருஷமாக.
கிழக்கே இன்னார் மனை, மேற்கே பொதுச் சாக்கடை,
இந்த நாலெல்லைக்கு உட்பட்ட இடமும்
அதில் ஆள், மாடு, வண்டி தடையின்றிப் போய்வர
மாமூல் வழிநடைப் பாத்தியமும் சேர்த்து
என்று தட்டும்போது
விரல் ஒரு நொடி நிற்கும்.
மாட்டுக்கு எழுதியிருக்கிறேன்.

பதிவு அலுவலகத்துக்கு ஏழு படி.
எழுதியது மேலே போகும்,
எழுதியவள் வேப்பமரத்தடியில்.
குணவதி கட்டை மார்போடு அணைத்து ஏறுவாள்.
சற்று நேரத்தில் ஜன்னல் வழியே சார்பதிவாளர் குரல் வரும்:
"மங்களேஸ்வரி, உட்பிரிவு எண் எங்கம்மா?"
"ரெண்டாம் பக்கம், அடியிலிருந்து நாலாவது வரி!"
யார் வீட்டை யார் விற்கிறார்கள் என்று
டீக்கடைக்கு எப்போதும் முன்கூட்டியே தெரியும்.

நல்லவர்கள்தான் எல்லோரும்.
"நாலு பேர் பிடிச்சா தூக்கிடலாம்" என்பார்கள்.
நாலு பேர் தூக்குவது எதற்கென்று
எனக்கும் தெரியும்.
அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

பள்ளத்தூரில் ஒரு பாகப்பிரிவினை.
முப்பத்தெட்டு பங்காளிகள், ஒரு வீடு.
வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திக் கட்டினார்களாம்.
வெள்ளம் வரவில்லை.
என்னைப் போன்றவர்களும் வரவில்லை.
ஆட்டோவின் தலையில் நாற்காலியைக் கட்டிக்கொண்டு வந்த சகாயராஜ்
எதிரே பூச்சுவேலை நடந்த இடத்தில்
இரண்டு சாரப்பலகை கேட்டு வாங்கிப் படிமேல் சாய்த்தான்.
வழுக்காமலிருக்கச் சாக்கு விரித்தான்.
நிலைப்படிக்கு மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

உள்ளே ஆத்தங்குடித் தரை.
ஒரே ஒரு தள்ளு.
வளவின் அந்தக் கோடிவரை நாற்காலி தானாகப் போனது,
எண்ணெய் வைத்த தலையில் சீப்பு போல.
திரும்பி வந்தேன், இன்னொரு தடவை போனேன்,
அளவெடுப்பதாகச் சொல்லிக்கொண்டு.
இவ்வளவு வழவழப்பை உள்ளே வைத்துக்கொண்டு
வாசலில் எதற்கு இத்தனை முறைப்பு?

பொது நடைக்கான வரியில்
ஆள், வண்டி, சக்கர நாற்காலி என்று சேர்த்தேன்.
வயிரவன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்:
"நம்ம பங்காளிகள்ல யாருக்கு?"
"பொதுவாக" என்றேன்.
அது சட்டத்தில் செல்லுபடியாகும் சொல்.
முப்பத்தெட்டுக் கையெழுத்தும் விழுந்தன,
ஈப்போவிலிருந்து வந்த பவர் பத்திரத்தின் பேரில் ஒன்று உட்பட.

அலுவலகச் சரிவுப்பாதைக்கு நான் போட்ட மனு
மூன்று வருஷம் நடந்தது, கால் இருந்ததால்.
முதலில் கட்டியது சறுக்குமரம்.
முதல் நாளே பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.
"அதான் போட்டாச்சே" என்றார் பொறியாளர்.
ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி ஓட வேண்டும் சார்,
மூன்றரை அடிக்கு நாற்பத்திரண்டு.
அவர் செல்போனில் பெருக்கிப் பார்த்தார்,
மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
இடித்து, இரண்டு மடிப்பாக வளைத்துக் கட்டினார்கள்.
இப்போது அதில் சிலிண்டர் ஏறுகிறது,
பிரசவித்த மகளோடு சொத்தெழுத வருகிறவர்கள் ஏறுகிறார்கள்,
மத்தியானம் ஒரு ஆடு படுத்துக்கொள்கிறது.
அதை எழுப்பிவிட்டுத்தான் நான் போக வேண்டும்.

முதல் நாள் மேலே போனபோது
சார்பதிவாளர் எழுந்து நின்றுவிட்டார்.
குரலைத் தெரியும், முகம் புதுசு.
"காபி?" என்றார். "தண்ணியாவது?"
வேண்டாம் என்றேன்.
நடைக்கோடியில் கழிப்பறை பார்த்திருந்தேன்.
கதவு இருபத்திநாலு.

வெளியே கிளம்பும் நாளில்
காலை ஏழுக்குப் பிறகு நான் எதுவும் குடிப்பதில்லை.
இது எந்த மனுவிலும் இல்லை.

அன்று சாயங்காலம் எழுதினேன்.
பொருள்: கதவு.
கோரிக்கை: நாலு அங்குலம்.
இரண்டு எனக்கு, இரண்டு என் விரல் முட்டிகளுக்கு.
பிறகு கடையின் பின்கட்டில்,
என் அளவுக்கு நானே வைத்த கதவுக்குப் பக்கத்தில்,
சொம்பைத் தூக்கி
அண்ணாந்து குடித்தேன், முழுதாக.