ஒன்பதாம் கட்டம்

படிவத்தின் ஒன்பதாம் கட்டத்தில்
ஸ்பானிய மொழியில் ஒரு சொல்: தெஸார்த்திகுலாதோ.
மூட்டு விட்டுப் போன எலும்பென்றால்
அதில் ஒரு குறி.

குழிக்குள் மண்டியிட்டுத்
தூரிகையால் மண் தள்ளும் பெலிசியானா
மழை வரும் என்பதுபோல் அதைச் சொல்கிறாள்.
நான் இஷிலில் சொல்ல வேண்டும்.
அதற்குத்தான் எனக்கு நாள்கூலி.

எண்பத்திரண்டில் வானொலியில் கேட்ட சொல்தான்.
நெபாஹுக்கு மேலே ஒரு கும்பலை
ராணுவம் அப்படிச் செய்துவிட்டதாம்.
எனக்கு ஒன்பது வயது,
கடிகாரத்தைச் செய்வது என்று நினைத்தேன்.
கும்பல் என்பது பதினேழு வீடு,
ஒரு மாவரைக்கும் எந்திரம்.

"என்னவாம்?" என்கிறாள் தோன்யா எங்கிராசியா.

சிதறியது என்றால் காற்றின் மேல் பழி போகும்.
உடைந்தது என்றால் பொய், பாதிக்கு மேல் முழுசு.
பிரிந்தது என்றால்
அவை தாமாகவே மனம் கசந்து பிரிந்த மாதிரி.
வேறு வழியில்லாமல் வீட்டைச் சொன்னேன்:
இடம் மாறும்போது கழற்றுவோமே,
உத்தரம் தனி, கால் தனி, பலகை தனி.

"கழற்றுமுன் கரியால் எண் போடுவோம்,
திரும்ப மாட்ட.
போட்டார்களா?"

பெலிசியானாதான் போட்டுக்கொண்டிருந்தாள்,
கறுப்பு மசியில், முப்பது வருடம் பிந்தி.
இடது தொடை ஒன்பது.
வலது ஏழு.

"படியேறினால் அவருக்கு வலது முழங்கால் சொடுக்கும்.
அது கேட்டதும் காப்பி வைப்பேன்."

இதையும் சொன்னேன். கூலிக்கு உட்பட்டது.
எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை.
பெலிசியானா கொஞ்ச நேரம் பேனாவைப் பார்த்தாள்,
பிறகு தாளின் ஓரத்தில் எழுதினாள்:
வலது முழங்கால். சத்தம்.

நீலத் தார்ப்பாயில் ஏழும் வரிசையாகக் கிடந்தன.
தோன்யா எங்கிராசியா
ஒவ்வொன்றின் அருகிலும் குனிந்தாள்,
இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்,
மறுபடி குனிந்தாள்.
ஐந்தாவதில் கொஞ்சம் கூடுதலாக நின்றாளோ,
வெயிலாகவும் இருக்கலாம்.

மாலையில் பழுப்பு உறைகளை வண்டியில் ஏற்றினோம்.
மலைப்பாதை, குண்டும் குழியுமாக.
ஒவ்வொரு குலுக்கலுக்கும்
பின்னால் ஏதோ ஒன்றோடொன்று தட்டியது.

ஓட்டுநர் வானொலியைத் திருகினான்.
அணை, என்றாள் அவள்,
ஸ்பானிய மொழியில்,
என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே.