ஒன்பது பத்து

நேற்றிரவு ஒன்பதுக்குப் போட்ட ஊசி
இன்னும் ரத்தத்தில் விழித்திருக்கிறது.
"வயரை உருவிருங்கம்மா, முதுகு அரிக்குது"
தாராவி சுடலைமணி, விடிந்ததிலிருந்து ஏழாவது முறை.
கேஸ் ஷீட்டில் வட்டமிட்டிருக்கிறேன்:
காலை ஒன்பதுக்கு முன் யாரும் தொடக்கூடாது.
சயானில் மழை.
வர்ஷா சிஸ்டருக்குக் கட்டில் காலியாக வேண்டும்.

ஒன்பது பத்து.
பிளாஸ்டரை நனைத்து உரிக்கிறேன்.
இழுக்கவில்லை,
வருவதை வாங்கிக்கொள்கிறேன்.
நுனி நீலம் முழுசாக இருக்கிறது.
பஞ்சில் ஒரு பொட்டு ரத்தம், அதோடு சரி.

அடுத்த ஊசி ஒன்றரைக்குத்தான் என்று எழுதி
அடிக்கோடு போடுகிறேன், இரண்டு.
உறைந்தாலும் வினை, உறையாவிட்டாலும்.

மணிக்கொரு தரம் வந்து
கால் விரலை ஆட்டச் சொல்கிறேன்.
"ஆடும், நீங்க போய் டீ குடிங்க."
போர்வைக்குள் கட்டைவிரல் அசைகிறது.
இடது.
வலதையும், என்கிறேன்.